பனியில்லாத ஊருக்குப் பனிவண்டி கிட்டு

வாடா பேராண்டி, குந்து. இன்னாடா கைல பொட்டி? கிளட்ச் கிட்டா? சரி சரி. எவனோ கனடாக்காரன் மலை உச்சியில பனிவண்டி ஏத்தறத போன்ல பாத்துட்டு, "எனக்கும் அந்த மாதிரி பிக்கப் வேணும்"னு ஆர்டர் போட்டியாமே. மார்கழி மாசம் விடிகாலைப் பனிக்கே காதுல மப்ளர் சுத்திகினு தக்காளி மண்டிக்கு வர்ற ஆளு நீ. ராயக்கோட்டைக்கும் பனிமலைக்கும் இன்னாடா சம்பந்தம்?

கோவிச்சுக்காத. சம்பந்தம் இருக்குது. அத்த நானே சொல்றன். விக்கறவன் சொல்ல மாட்டான். சொன்னா பாதி சாமான் விக்காது.

பனிவண்டி பாத்திருக்கியா? முன்னால ரெண்டு சறுக்குக் கட்டை. பின்னால சக்கரத்துக்குப் பதிலா நீளமா ஒரு ரப்பர் பட்டை. கனடாவுல கியூபெக் பக்கம் பொம்பார்டியேன்னு ஒருத்தரு 1959-ல "ஸ்கி-டூ"ன்னு பேரு வெச்சு சின்ன பனிவண்டி விக்க ஆரம்பிச்சாரு. நம்ம நாட்டுலயும் காஷ்மீர் குல்மார்க் போனா, காசு குடுத்து ஏறிட்டு வரலாம். இன்னிக்கு ஓடற அந்த வண்டில கியர் கிடையாது. முன்னால ஒரு புல்லி, பின்னால ஒரு புல்லி, நடுவுல ஒரு பெல்ட். உன் ஸ்கூட்டர் இடது பக்க மூடியக் கழட்டினா இன்னா இருக்குது? முன்னால ஒரு புல்லி, பின்னால ஒரு புல்லி, நடுவுல ஒரு பெல்ட். அவ்வளவு தான் சம்பந்தம். அவன் வண்டி 850 சிசி, நூத்தி அறுபது குதிரை. உன்னுது 110 சிசி, எட்டு குதிரை. வித்தியாசம் கொஞ்சம் தான், இல்ல?

இது ஒண்ணும் நேத்து வந்த வித்தையும் இல்ல. ஹாலந்துல வான் டோர்ன்னு ஒரு ஆளு, டாஃப் கம்பெனிக்காரரு, 1958-லயே கார்ல இந்தப் பெல்ட்ட மாட்டி ஊருக்குக் காட்டிட்டாரு. நம்ம ஊருக்கு 1980-கள் நடுவுல கைனடிக் ஹோண்டாவோட வந்துது. அதுக்கு முன்னால நமக்கு இன்னா தெரியும்? 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துது. ஒரே கியர், அதுவா பிடிச்சு அதுவா விடற கிளட்ச். ரெண்டு பால் கேன், ஒரு மூட்டை புண்ணாக்கு, பின்னால பொண்டாட்டி, முன்னால புள்ள. மேடு வந்தா பொண்டாட்டி இறங்கி நடப்பா. அது தான் அன்னிக்கு பிக்கப் கிட்டு. செலவு ஒண்ணுமில்ல. திட்டு மட்டும் தான்.

சரி, பொட்டியப் பிரி. இன்னா இன்னா குடுத்திருக்கான்? ஆறு உருளை. ரோலர்ன்னு சொல்லு, எனக்கும் தெரியும். ஒரு பெரிய ஸ்பிரிங், மஞ்சக் கலரு. மூணு குட்டி ஸ்பிரிங், செவப்புக் கலரு. நாலு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் தான்டா கனமா இருக்குது.

இப்ப கேளு. இந்தச் சாமான் ஒவ்வொண்ணும் இன்னா வேலை பண்ணுதுன்னு தெரியாம மாட்டறவன், கண்ண மூடிகினு கிணத்துல குதிக்கறவன்.

முன் புல்லிக்குள்ள, வேரியேட்டர்ல, அந்த ஆறு ரோலரும் ஓடறதுக்கு சரிவா பாதை வெச்சிருக்கான். இன்ஜின் வேகமா சுத்தினா ரோலர் வெளிப்பக்கம் ஓடும். ஓடினா புல்லித் தட்டைத் தள்ளும். தட்டு ரெண்டும் நெருங்கினா பெல்ட் மேல ஏறும். முன்னால பெல்ட் ஏறினா பின்னால இறங்கித் தானே ஆகணும்? பின் புல்லில இருக்கற பெரிய ஸ்பிரிங், அது தான் கான்ட்ரா ஸ்பிரிங், "இறங்க விட மாட்டேன்"னு தட்டை நெருக்கிகினு நிக்கும். ரோலர் தள்ளுது, ஸ்பிரிங் தடுக்குது. இந்த ரெண்டு பேரு பஞ்சாயத்துல கிடைக்கற தீர்ப்பு தான் உன் கியர். நாட்டாமை யாருன்னு கேட்டா, உன் வலது கை.

ரோலர் எடை கொறஞ்சா இன்னா ஆகும்? தள்ளற பலம் கொறையும். அதே அளவு தள்ளணும்னா இன்ஜின் இன்னும் வேகமா சுத்தணும். அதுவரைக்கும் வண்டி சின்ன கியர்லயே நிக்கும். சிக்னல்ல இருந்து பாஞ்சு கிளம்பும். மேட்டுல தவிக்காது. ஆனா சமமான ரோட்டுல 50-ல போறப்பவும் இன்ஜின் கத்திகினே இருக்கும். பெட்ரோலும் குடிக்கும். எடை கூடினா நேர் எதிர். சீக்கிரமே பெரிய கியருக்குப் போயிடும். சத்தமில்லாம போகும், மைலேஜ் கொஞ்சம் பாக்கலாம். மேட்டுல ஆளையும் மூட்டையையும் பாத்ததும் மூச்சு வாங்கும்.

கான்ட்ரா ஸ்பிரிங் கெட்டியா போட்டா? பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கும். மேடு வந்ததும் சடக்குன்னு சின்ன கியருக்கு இறங்கும். நல்லது தான். ஆனா எப்பப் பாத்தாலும் பெல்ட் இறுக்கத்துலயே ஓடும். சூடாகும், சீக்கிரம் தேயும். மூணு குட்டி ஸ்பிரிங் கிளட்ச் ஷூவுக்கு. அத்த கெட்டியா போட்டா, இன்ஜின் நல்லா முறுக்கினப்புறம் தான் கிளட்ச் பிடிக்கும். கிளம்பறப்ப ஒரு துள்ளல். உன் கூட்டாளிங்க அதைத் தான் "பவர்"னு சொல்றானுங்க. காலைல கம்பெனி ஷிஃப்ட் நேரத்துல ஓசூர் சிப்காட் பக்கம் டிராபிக்ல ஊர்ந்து போயிப் பாரு. பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, ஷூ பிடிக்கற கிண்ணம், அது தான் கிளட்ச் பெல், நீலமா வெந்து போயிடும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டான். தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டி மலைப் பாதைல இறங்கறப்ப ஆக்சிலேட்டர விட்டுட்டு வர்றியே, இன்ஜின் கொஞ்சம் பிடிச்சுக்குமே? கெட்டி கிளட்ச் ஸ்பிரிங் போட்டா அந்தப் பிடிப்பு சீக்கிரமே விட்டுப் போகும். இன்னும் வேகத்துல இருக்கறப்பவே ஷூ உள்ள சுருங்கிக்கும். அப்புறம் முழு பாரமும் பிரேக் மேல. ஏறறதுக்கு கிட்டு வாங்கினவன் இறங்கறத யோசிச்சானா?

இப்ப முக்கியமான சங்கதி. காதைத் தீட்டிக்கோ. இந்தப் பொட்டிக்குள்ள ஒரு குதிரை கூட இல்ல. எட்டு குதிரை எட்டு தான். கிட்டு பண்றது ஒண்ணே ஒண்ணு: இருக்கற பலத்தை எப்ப, எங்க செலவு பண்றதுன்னு தீர்மானம். வண்டி மாடு பாரம் இழுத்துகினு மேடு ஏறறப்ப பாத்திருக்கியா? காலடியைக் கொறச்சு, குளம்ப அழுத்தி, மெதுவா வெக்கும். அதனால மாட்டுக்குப் பலம் கூடிடுச்சா? இருக்கற பலத்துக்கு ஏத்த காலடி, அவ்வளவு தான். அதுக்கும் மேல பாரம் இருந்தா நம்ம பாட்டன் இன்னா பண்ணான்? இன்னொரு ஜோடி மாடு கட்டினான். காலடியை மாத்தி வெக்க கிட்டு இருக்குது. இன்னொரு ஜோடி மாடு இந்தப் பொட்டில இல்ல.

அப்ப கனடாக்காரன் எதுக்கு மாத்தறான்னு கேக்கற. நல்ல கேள்வி. அவனுக்குக் காரணம் இருக்குது. உயரம் போகப் போக காத்து லேசாகும். காத்து லேசானா இன்ஜின் பலம் கொறையும். ஆயிரம் அடிக்கு நூத்துக்கு மூணு பங்கு போல போயிடும். குல்மார்க் ஊரே 2,650 மீட்டர். அதுக்கு மேல அஃபர்வட் பக்கம் கேபிள் கார் போற இடம் 4,000 மீட்டரை ஒட்டி. அங்க போனா மூணுல ஒரு பங்கு பலத்தைக் காணோம். கீழ இருந்த அதே கிளட்ச் எடைய வெச்சுகினு இன்ஜினால உச்ச சுத்துக்கு எழும்ப முடியாது. அதனால அந்த எடையக் கொறைக்கறான். முழு ஆக்சிலேட்டர்ல இன்ஜின் எந்தச் சுத்துல நிறைய பலம் குடுக்குமோ, அந்தச் சுத்துலயே நிக்கணும். அது தான் அவன் கணக்கு. ஸ்டிக்கர் கணக்கு இல்ல.

உன் கணக்கு இன்னா? ஓசூர் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 900 மீட்டர். சென்னைல எட்டு குதிரை இழுக்கற வண்டி இங்க ஏழே கால் தான் இழுக்கும். புது வண்டில ஊசி வெச்சு பெட்ரோல் பீச்சறான், 2020-ல இருந்து எல்லாம் பிஎஸ் 6. அது காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல அளந்து குடுக்கும். இல்லாத காத்த எங்க இருந்து குடுக்கும்? ஆனா நீ சென்னையில பொறந்து இங்க வந்தியா? பொறந்ததுல இருந்து இதே உயரம். உன் வண்டிய பண்ணவனும் ஓசூர்ல தான் ஆராய்ச்சிக் கூடம் வெச்சிருக்கான். அவனுக்குத் தெரியாத மேடா உனக்கு?

"தெரியும் தாத்தா, ஆனா கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவா போடறான்"னு சொல்ற. அது நூத்துக்கு நூறு வாஸ்தவம். உன்னைப் புத்திசாலின்னு ஒத்துக்கறன், ஒரு நிமிஷம் மட்டும். ஒல்லியா ஒரு பொண்ணு காலேஜுக்கு ஓட்டறதுக்கும், தொண்ணூறு கிலோ ஆளு ஆளுயர மூட்டையோட ஓட்டறதுக்கும் சேத்து ஒரே ரோலர் தான் போடுவான். மைலேஜ் நம்பர் வேற அவனுக்கு முக்கியம். அதனால எடை கொஞ்சம் தூக்கலாத் தான் வெப்பான். உன் உபயோகத்துக்கு அதுல அரை கிராம், ஒரு கிராம் கொறைக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல. தப்பு எங்க ஆரம்பிக்குது? உன் உபயோகம் இன்னான்னு உனக்கே தெரியாதப்ப.

சொல்லு பாப்பம். வண்டில எத்தினி பேரு? என்ன பாரம்? தக்காளி கிரேட்டுன்னா ஒண்ணு 25 கிலோ. முன்னால கால் வெக்கற இடத்துல ஒண்ணு, பின்னால சீட்டுல ஒண்ணு கட்டினா, கூட ஒரு ஆளு ஏறினதுக்குச் சமம். எந்த ரோடு? கெலமங்கலம் வழியா ஓசூர் போற சாதா ஏத்த இறக்கமா? இல்ல, ஞாயித்துக்கிழமை எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிகினு கொல்லிமலை போறியா? வருஷத்துக்கு ஒரு தரம் போற கொல்லிமலைக்காக, தினம் போற மண்டிக்கு எவனாவது பெட்ரோல் கூடப் போடுவானா? நீ போடுவ.

உன்னாட்டம் ஆளுக்குன்னே கடைக்காரன் பாஷை ஒண்ணு வெச்சிருக்கான். "ஸ்டேஜ் ஒன்", "ஸ்டேஜ் டூ". நாடகமா போடறான், ஸ்டேஜு? ஸ்பிரிங் மேல "1000 ஆர்பிஎம்", "1500 ஆர்பிஎம்", "2000 ஆர்பிஎம்"னு எழுதியிருக்கான். ஸ்பிரிங்கா சுத்துது, ஆர்பிஎம் போடறதுக்கு? எத்தினி கிலோ அழுத்தினா எத்தினி மில்லிமீட்டர் அமுங்குதுன்னு எழுதினா அது ஸ்பிரிங் கணக்கு. அவன் சொல்றது, எவனோ ஒரு வண்டில மாட்டிப் பாத்தப்ப அவ்வளவு சுத்து தள்ளிப் பிடிச்சுதுன்னு. அது உன் வண்டியா? மஞ்சளு, செவப்பு, நீலம்னு கலரு வேற. ஒரு கம்பெனி மஞ்சளுக்கும் இன்னொரு கம்பெனி மஞ்சளுக்கும் உறவே கிடையாது. கலரு பாத்து வாங்கறதுக்கு இது வேட்டிக் கரை இல்லடா.

தைவான்ல இருந்து உருண்டையா இல்லாம சப்பையா ஒரு ரோலர் வருது, "ஸ்லைடர்"ங்கறான். மோசம் இல்ல. உருளாம வழுக்கிகினு போறதால பெல்ட்ட இன்னும் கொஞ்சம் மேல தள்ளும். ஆனா அத்த ஒரே திசைல தான் வெக்கணும். மாத்தி வெச்சா வெச்சது வீண். இத்தாலில இருந்து ஸ்பிரிங் வருது. அதுவும் நல்ல சாமான் தான். பெங்களூரு ஜே.சி. ரோட்டுல போயி நின்னா எல்லாம் கிடைக்கும். அங்க கன்னடத்துல "ஏனு பேக்கு"ம்பான், தெலுங்குல "ஏம் காவாலி"ம்பான், தமிழ்ல "என்ன வேணும் சார்"ம்பான். மூணு பாஷைலயும் ரோலர் எடை அதே கிராம் தான். நீ கேக்க வேண்டியது ஒண்ணு: "இப்ப என் வண்டில எத்தினி கிராம் இருக்குது?" அது தெரியாம கடைக்குப் போறவன், பழைய செருப்பு அளவு தெரியாம புதுச் செருப்புக்கு காசு குடுக்கறவன்.

சரி, வாங்கிட்ட. மாட்டறதுக்கு முன்னாடி தாத்தா கேக்கற கேள்விக்கு பதில் சொல்லு. பிக்கப் இல்லைன்னு எப்ப இருந்து தோணுது? வாங்கின நாள்ல இருந்தா, இல்ல இப்ப ஆறு மாசமாவா? வாங்கினப்ப இருந்த பிக்கப் இப்ப இல்லைன்னா, அது கிட்டு கேக்கற வியாதி இல்ல. தேய்மானம். டயர்ல காத்து இருக்குதா? சக்கரத்தைக் கையால சுத்திப் பாரு, பிரேக் உரசுதா? ஏர் ஃபில்டர எப்ப மாத்தின? நம்ம கிரானைட் லாரி போற ரோட்டுல தூசிக்குப் பஞ்சமா? பழைய ரோலர எடுத்து உள்ளங்கைல உருட்டிப் பாரு. உருண்டு போனா சரி. தட தடன்னு தட்டுச்சுன்னா ஒரு பக்கம் சப்பையா தேஞ்சிருக்குது. சப்பை விழுந்த ரோலர் சரிவுல ஓடாது, நகராம உக்காந்துக்கும். பெல்ட் அகலத்தை வெர்னியர் வெச்சு அள. கம்பெனிக்காரன் புத்தகத்துல குறைஞ்சபட்ச அகலம் போட்டிருப்பான். அதுக்குக் கீழ போயிருந்தா பெல்ட் உள்ள இறங்கிப் போச்சுன்னு அர்த்தம். கிளம்பறப்பவும் மந்தம், ஓடறப்பவும் வேகம் கட்டு. ஒரு பெல்ட்டும் ஆறு ரோலரும் கம்பெனி எடைலயே புதுசா போட்டா பாதிப் பேருக்கு வியாதி தீந்துடும். ஸ்டிக்கர் கிடைக்காது. அது ஒரு குறை தான்.

இல்ல தாத்தா, மாட்டியே தீருவேங்கற. சரி, மாட்டு. ஆனா மாட்டறதை ஒழுங்கா மாட்டு.

முதல்ல வண்டிய சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்து. இன்ஜின் ஆறட்டும். மூடியோட போல்ட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். அத்த கழட்டறப்ப ஒரு அட்டைல மூடி படம் போட்டு, அந்தந்த இடத்துல குத்தி வை. நீள போல்ட்ட குட்டை ஓட்டைல முறுக்கி கேஸிங்கை உடைச்சவன் நம்ம ஊர்லயே எத்தினி பேரு.

முன் புல்லி நட்டு கழட்டணும். புல்லி சுத்தும். சுத்தாம பிடிக்கறதுக்குன்னே ஹோல்டர் விக்கறான். நீ இன்னா பண்ணுவ? ஃபேன் இறக்கைல ஸ்குரூ டிரைவர சொருகுவ. இறக்கை உடையும். அப்புறம் அந்தப் புல்லி விலை கேட்டுட்டு தலைல கை வெச்சுக்குவ. முந்நூறு ரூபா டூலுக்கு கஞ்சம், ரெண்டாயிரம் ரூபா கிட்டுக்கு தாராளம். இது தான்டா உங்க தலைமுறை கணக்கு.

வேரியேட்டர எடுக்கறப்ப பின் தகடு, அதாவது ரோலரை மூடற தட்டு, விலகாம கைல பிடிச்சுகினு எடு. இல்லைன்னா ரோலர் எல்லாம் கீழ கொட்டும், எது எங்க இருந்துதுன்னு தெரியாது. ரோலர் ஒரு பக்கம் மூடி இருக்கும், ஒரு பக்கம் திறந்து பித்தளை தெரியும். பழசு எந்தத் திசைல இருந்துதோ அதைப் பாத்து புதுச வை. உள்ள கிரீஸ் தடவாத. "வழுக்கிகினு போகட்டும்"னு நீ நெனைப்ப, எனக்குத் தெரியும். பெரும்பாலான ஸ்கூட்டர்ல ரோலர் காஞ்சு தான் ஓடணும். கிரீஸ் போட்டா சூட்டுல உருகித் தெறிச்சு பெல்ட்ல படும். பெல்ட் வழுக்கும். அப்புறம் "கிட்டு மோசம்"னு விக்கறவனைத் திட்டுவ. புல்லி முகத்தை துணில பெட்ரோல் நனைச்சு, கை ரேகை கூட இல்லாம தொடச்சு வை.

பின் புல்லில கிளட்ச் நட்டு இருக்குது பாரு, அது மேல மரியாதை வேணும். அதுக்குப் பின்னால கான்ட்ரா ஸ்பிரிங் அமுங்கிகினு காத்திருக்குது. அமுக்கிப் பிடிக்க ஆளு இல்லாம, டூல் இல்லாம நட்டை முழுசா கழட்டினா, கிளட்ச் மூஞ்சிக்கு நேரா எகிறும். கெட்டி ஸ்பிரிங் போட்டப்புறம் இன்னும் வேகமா எகிறும். "நான் பாத்துக்கறேன் தாத்தா"ன்னு சொன்னவன் பல்லைத் தேடினதை இந்த ஊரு பாத்திருக்குது.

இனி பெல்ட். அதுல அம்புக்குறி இருந்தா சுத்தற திசைக்கு வை. அம்பு இல்லாத பழைய பெல்ட்ன்னா முன்ன எந்தத் திசைல ஓடிச்சோ அப்படியே. இங்க தான் பெரிய மெக்கானிக்கும் கோட்டை விடுவான். கவனி. பின் புல்லித் தட்டை ரெண்டு கையாலயும் விரிச்சு, பெல்ட்ட நல்லா உள்ள அமுக்கி இறக்கணும். அப்ப தான் முன்னால பெல்ட் தொளதொளன்னு தளர்ச்சியா இருக்கும். அந்தத் தளர்ச்சியோட முன் புல்லித் தட்டை வெச்சு நட்டை முறுக்கு. அத்த பண்ணாம முறுக்கினா, தட்டுக்கும் நடு பூஷுக்கும் இடையில பெல்ட் மாட்டிக்கும். நட்டு இறுகிட்ட மாதிரி கைக்குத் தெரியும். இறுகி இருக்காது. பெல்ட்ட கடிச்சுகினு நிக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் பெல்ட் இடம் மாறும், நட்டு லூசாகும், கிராங்க் பல்லு சிரைக்கும். அப்புறம் இன்ஜின் பிரிக்கணும். ஆயிரக் கணக்குல ஆச்சா?

நட்டு முறுக்கறதுக்கு இம்பாக்ட் கன் வெச்சு "டர்ர்ர்"னு அடிச்சு விடறது ஒரு ஸ்டைலாப் போச்சு. கழட்டறதுக்கு அது சரி. முறுக்கறதுக்கு டார்க் ரெஞ்ச் எடு. எத்தினி நியூட்டன் மீட்டர்னு புத்தகத்துல இருக்குது, அத்தப் பாத்து முறுக்கு. முறுக்கினப்புறம் கையால புல்லிய சுத்திப் பாரு. பெல்ட் தாராளமா ஏறி இறங்கி ஓடணும்.

மாட்டியாச்சா? இப்ப ரோட்டுக்கு ஓடாத. ஒரு விஷயம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினவனுக்கு எதனால நல்லதாச்சு, எதனால கெட்டதாச்சுன்னு ஆயுசுக்கும் தெரியாது. முதல்ல ரோலர் மட்டும். ஒரு வாரம் ஓட்டு. அதே ரோடு, அதே மேடு, அதே பாரம். மேட்டுல முழு ஆக்சிலேட்டர்ல எத்தினி வேகத்துல ஏறுது? முன்ன 35-ல ஏறினது இப்ப 40-ல ஏறுதா? சமரோட்டுல உச்ச வேகம் கொறைஞ்சுதா? லிட்டருக்கு எத்தினி கிலோமீட்டர்? எழுதி வை. போன்ல தான் ஆயிரம் ஆப் வெச்சிருக்கியே, அதுல ஒண்ணுல எழுது. இன்ஜின் வெறுமனே கத்துதே தவிர வேகம் ஏறலியா? எடைய ரொம்பக் கொறச்சிட்ட. மூணு ரோலர் பழைய எடை, மூணு புது எடை, ஒண்ணு விட்டு ஒண்ணா வெச்சுப் பாரு. பாதிக் கிராம் கணக்கெல்லாம் அப்படித் தான் சரி பண்றது. அப்புறமும் மேட்டுல பெல்ட் வழுக்கினா தான் கான்ட்ரா ஸ்பிரிங்கை தொடு. அந்த மூணு செவப்பு குட்டி ஸ்பிரிங்கு? அத்த எடுத்து பூஜை அலமாரில வை. டிராபிக்ல போறவனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வாரன்ட்டி இருக்கற வண்டியா? சர்வீஸ்காரன் மூடி கழட்டி மஞ்ச ஸ்பிரிங்கப் பாத்தான்னா, நீ ஹாரன் அடிக்கலைன்னு போனாலும் "நீங்க கிட்டு மாத்தியிருக்கீங்க"ம்பான். அப்ப எங்கிட்ட வந்து நிக்காத.

எனக்கு ஒரே ஒரு சிரிப்பு தான் அடக்க முடியல. நீ இங்க பெல்ட்டுக்கும் ரோலருக்கும் ராத்திரி பகலா முழிக்கற. உன்னைச் சுத்தி ஊரே அத்த தூக்கி எறிஞ்சுகினு இருக்குது. போச்சம்பள்ளி பக்கம் ஓலாக்காரன் 2021-ல பெரிய ஃபேக்டரி போட்டான். ஏதர் ஓசூர்ல பண்றான். டிவிஎஸ்காரன் 2020-லயே ஐகியூப் விட்டுட்டான். அந்த வண்டில ரோலர் ஏது? வேரியேட்டர் ஏது? கரன்ட் மோட்டார் சுத்துன்னா சுத்தும், மேட்டுல சும்மா நின்ன இடத்துலயே முழு முறுக்கையும் குடுக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க கிளட்ச் இல்லாத வண்டிய பண்ணி அனுப்புது. அதே மாவட்டத்துல என் பேராண்டி தைவான்ல இருந்து கிளட்ச் சாமான் வரவழைக்கறான்.

கழட்ட ஒண்ணுமே இல்லாத அந்த வண்டில நீங்கெல்லாம் இன்னா பண்ணப் போறீங்கன்னு தான் எனக்கு கவலை. அப்புறம் ஞாபகம் வந்துது, அதுலயும் "ஸ்போர்ட் மோடு"ன்னு ஒரு பட்டன் இருக்குது. அத்த அழுத்திகினு கோட்டை மலை அடிவாரம் வரைக்கும் பறப்பீங்க. பாதில பேட்டரி காலி. அப்ப ரெண்டு கிரேட் தக்காளியோட தள்ளிகினு வருவீங்க பாரு, அன்னிக்குத் தான் தெரியும் உங்களுக்கு மேடுன்னா இன்னான்னு. கூப்பிடு, தள்ளறதுக்கு வரேன். சும்மா வர மாட்டேன், ஸ்டிக்கர் ஒண்ணு குடுக்கணும்.